கல்லுக்குக் குங்குமம் வைத்தவர்

அந்த ஆளை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெயரை எழுத மாட்டேன். எழுதினால் திருத்தணியிலிருந்து நகரி வரைக்கும் பாதி லாரிக்காரர்கள் ‘ஓ, அவரா!’ என்று சிரிப்பார்கள். மீதிப் பேர் என் கடைக்கே வந்து நாலு கேள்வி கேட்பார்கள். அந்த நாலு கேள்விக்கும் என்னிடம் பதில் இருக்கிறது. அதுதான் என் வயிற்றெரிச்சலே.

அரக்கோணம் ரோட்டில் என் டயர் கடைக்கு அடுத்த மனையில் ஒரு லாரி எடைமேடை. ஜல்லி, கரும்பு, செங்கல், மாங்காய் என்று எதை ஏற்றி வந்தாலும் அதன்மேல் வண்டியை நிறுத்திச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போக வேண்டும். சீட்டு எழுதுகிறவர் இந்த மனுஷன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒல்லி உடம்பு. கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கும் கண்ணாடி. வெள்ளை அரைக்கைச் சட்டை. அந்தச் சட்டையில் நான் ஒரு நாளும் அழுக்குப் பார்த்ததில்லை. டயர் கடைக்காரனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படி ஒரு சட்டை போடுவதே என்னைச் சீண்டுவதற்குத்தான் என்று முதல் வருஷம் முழுக்க நினைத்திருந்தேன்.

அவருக்கு ‘சுமார்’ என்கிற வார்த்தை ஆகாது. யாராவது ஸ்டெப்னியை உருட்டிக்கொண்டு வந்து எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார். “சுமாரா அரை மணி நேரம் சார்” என்பேன். உடனே எடைமேடை ஜன்னலுக்குள்ளிருந்து குரல் வரும்.

“சுமாருன்னா எவ்ளோ?”

“அண்ணே, உங்க வேலையப் பாருங்கண்ணே.”

“இருபது நிமிஷமா, நாப்பது நிமிஷமா? அவரு டீ குடிக்கப் போறதா, பஸ்ஸப் புடிக்கப் போறதான்னு முடிவு பண்ண வாணாமா?”

வந்தவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு டயரை அடுத்த கடைக்கு உருட்டிக்கொண்டு போய்விடுவார். இரண்டு முறை இப்படி நடந்தது. மூன்றாவது முறை நான் கையிலிருந்த லீவர் கம்பியை அவர் ஜன்னலைப் பார்த்து விசிறினேன். கம்பி சுவரில் பட்டு விழுந்தது. அவர் எட்டிப் பார்த்துவிட்டு, “ரெண்டடி தள்ளிப் போச்சு” என்றார். இந்த ஆளிடம் எப்படிச் சண்டை போடுவது, சொல்லுங்கள்.

ஒருமுறை ஜல்லி லாரிக்காரர் ஒருவர் வண்டியை மேடையில் நிறுத்திவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தார். இவர் சீட்டு எழுதவே இல்லை. “எறங்குங்க” என்றார். “அட, எழுதுய்யா, அம்பது அறுபது கிலோல இன்னா ஆயிடப் போவுது” என்றார் டிரைவர். “ஜல்லி வாங்கறவன் உன்னையும் சேத்துத்தான் காசு குடுத்து வாங்கறானா? எறங்கு.” பின்னால் ஒன்பது வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. டிரைவர் இறங்கின பிறகுதான் பேனா மூடியைக் கழற்றினார். அதனால்தான் வாங்குகிறவனும் விற்கிறவனும் அவர் சீட்டை மறு பேச்சில்லாமல் ஒத்துக்கொண்டார்கள். சாட்சிக் கையெழுத்து மாதிரி அது செல்லும்.

எனக்கு ஒரே அக்கா. ஆர்.கே.பேட்டைப் பக்கத்தில் கொடுத்திருக்கிறது. அவள் வீட்டுக்காரர், எங்கள் பாவா, லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் நாலு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். ஒன்றரை ஏக்கர் நிலத்தை அக்கா ஒருத்தியே பார்த்துக்கொள்கிறாள். பாதி கரும்பு, பாதி வேர்க்கடலை. என் குடிப்பழக்கம் தெரிந்து ஒரு கிருத்திகைக்கு என்னை இழுத்துக்கொண்டு திருத்தணி மலையேறினாள். படிக்கட்டில் பாதியில் இந்த மனுஷன் குனிந்த தலையோடு வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு ஏறிக்கொண்டிருந்தார். அக்காவுக்கு அவரைக் கடையில் பார்த்த பழக்கம். “நல்லா கீறீங்களாண்ணா?” என்று கேட்டுவிட்டாள்.

அவர் நின்றார். கண்ணை மூடினார். “போச்சும்மா” என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று கீழே இறங்கிப் போனார். படி எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார். எண்ணிக்கை விட்டுப்போயிற்று, முதலிலிருந்து ஆரம்பிக்கப் போகிறார்.

“இன்னாடா இவரு, லூசா?” என்றாள் அக்கா.

மேலே முருகன் சந்நிதிக்கு வெளியே கற்பூரம் ஏற்றி, “இனிமே தொட மாட்டேன்னு அடிச்சு சத்தியம் பண்ணுடா” என்றாள். அடித்தேன். உள்ளங்கை சுட்டது. திரும்பினால் இவர் வேர்த்து விறுவிறுத்து நின்றுகொண்டிருக்கிறார், எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு. சத்தியம் நாற்பது நாள் நின்றது என்று ஒருமுறை சொன்னேன். “முப்பத்தேழு” என்றார்.

அப்புறம் எப்படி அவரோடு சுற்றப் போனாய் என்று கேட்டால், அதற்குக் காரணமே இந்தச் சத்தியம்தான். அவருக்கு எல்லைக்கல் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் பழைய மொபெட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். ஆந்திரா எல்லைக் கல், பழைய ஜமீன் கல், தாலுகா கல், மூன்று ஊர் ஒன்றாய்ச் சேரும் இடத்துக் கல். எல்லாவற்றையும் தேடிக் கண்டுபிடித்து, டேப் வைத்து அளந்து, டைரியில் எழுதுவார். “திருத்தணி முன்ன சித்தூர் ஜில்லா தம்பி. அப்பால நம்ம பக்கம் வந்துச்சு. ஊரு ஒரு அடி நவுரல. கோடுதான் நவுந்துச்சு. கோடு நவுந்தா மனுஷன் பாசை, பள்ளிக்கூடம், கோர்ட்டு எல்லாம் மாறிப்போவுது. அப்ப அந்தக் கல்லு எங்க கீதுன்னு ஒருத்தனாவது தெரிஞ்சி வெச்சிக்க வாணாமா?” என்பார். நாலு கல்லைப் பார்த்தபிறகு அவர் சொல்வது எனக்கும் நியாயமாகப் பட்டது.

கல் பார்த்து முடித்ததும் பக்கத்தில் எங்கே கடை இருக்கிறதோ அங்கே போவார். ஒரு குவார்ட்டர். அதற்கு மேல் ஒரு சொட்டு கிடையாது. யாரிடமும் வழி கேட்க மாட்டார். ரோட்டோரம் விழுந்து கிடக்கும் தண்ணீர்ப் பாக்கெட் உறைகளைப் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டுவார். உறை கூடக் கூடக் கடை நெருங்குகிறது என்று அர்த்தம். நம் பக்கம் என்றால் தகரக் கொட்டகை, பிளாஸ்டிக் டம்ளர், அவித்த முட்டை. அந்தப் பக்கம் போனால் தோப்புக்குள் கள், மிளகாய் பஜ்ஜி. பள்ளிப்பட்டு தாண்டி ஒரு தோப்பில், “ராயி சூட்டானிகி ஒச்சாரா அண்ணா?” என்று சிரிப்பார் கள் இறக்குகிறவர். கல்லைப் பார்க்கத்தான் வந்தீர்களா என்று கேலி. இவர் டைரியைத் திறந்து அந்தத் தோப்புக்கும் எல்லைக்கும் நடுவில் எத்தனை அடி என்று அவருக்குத் தெலுங்கில் வாசித்துக் காட்டுவார்.

எனக்கு அது வசதியாய்ப் போயிற்று. “எங்கடா போறே?” என்று அக்கா போனில் கேட்டால் “கல்லு பாக்க” என்பேன். பொய் இல்லையே! சத்தியத்தைப் பற்றி அதற்கப்புறம் அவர் ஒரே ஒரு தடவைதான் பேசினார். “அது உனக்கும் முருகனுக்கும் உள்ளது. நடுவுல நான் எடை போட மாட்டேன்.”

ஆனால் ஒன்றில் பிடிவாதம். முதலில் கல், அப்புறம்தான் கடை. நாக்கு வறண்டு செத்தாலும் சரி. ஒரு முறை கல் இருக்க வேண்டிய இடத்தில் கருவேல முள் மண்டிக் கிடந்தது. இரண்டரை மணி நேரம் வெயிலில் வெட்டினோம். பக்கத்திலேயே கடை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அரிவாளை வீசிவிட்டு, “நான் போறேன், நீங்களும் உங்க கல்லும் நாசமாப் போங்க” என்று கத்தினேன். “போயிட்டு வா. நான் தொட்டுட்டு அளக்க மாட்டேன். கை நடுங்கினா அரை அங்குலம் போயிடும்” என்றார். நானும் போகாமல் முள் வெட்டினேன்.

இப்போது குங்குமத்துக்கு வருகிறேன். அவர் தேடிப்போகும் கற்களுக்கு ஊரில் ஒரு மரியாதையும் கிடையாது. எருமை கட்டுவார்கள், துணி துவைப்பார்கள். வீடு கட்டுகிறவன் உடைத்து அஸ்திவாரத்தில் போட்டுவிடுவான். இவர் முதலில் வெள்ளைப் பெயின்ட் அடித்து எண் எழுதினார். அடுத்த மாதம் போனால் கல்லே இல்லை. அப்போதுதான் இந்த மேதாவித்தனம் செய்தார். கல்லைக் கழுவி, மஞ்சள் பூசி, மூன்று இடத்தில் குங்குமம் வைத்தார். “இனிமே எவன் இதுல எரும கட்டறான் பாக்கலாம்.” யாரும் கட்டவில்லை. அப்புறம் எந்தக் கல்லை அளந்து முடித்தாலும் பையிலிருந்து குங்குமப் பொட்டலம் வெளியே வரும். அளந்தாயிற்று, சரியாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அவருடைய முத்திரை.

இது எங்கே போய் முடியும் என்று எனக்குத் தெரிந்தது. அவருக்குத் தெரியவில்லை. நகரி போகிற வழியில் ஒரு கல். ஆறு மாதம் கழித்துப் போனோம். வேப்பிலை தோரணம், நாலு எலுமிச்சம்பழம், சுற்றிலும் மேடை, ‘எல்லையம்மன் துணை’ என்று பலகை, பூட்டு போட்ட உண்டியல். இவர் நேராகப் பூசாரியிடம் போனார்.

“இது சாமி இல்லீங்க. நூத்தி நாப்பத்தி ஏழாம் நம்பர். டேப் வெச்சிப் பாக்கணும், கொஞ்சம் தள்ளுங்க.”

பூசாரி வேப்பங்கொத்தை ஓங்கிக்கொண்டு வந்தார். ஓடி வந்தோம், நான் வண்டியைக் கிளப்பினேன். அந்த ரோடு முழுக்க நான் திட்டினேன். “நீங்க பண்ண வேலைதானே? உங்க கையாலதானே சாமியாக்கினீங்க?” அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டு, “ஆனா பாத்தியா, கல்லு சரியான எடத்துல கீது. இனிமே அத எவனும் அசைக்க முடியாது” என்றார். குரலில் அத்தனை பெருமை.

அக்கா நிலத்துக்குப் பக்கத்து நிலம் முனிரத்தினத்துடையது. இரண்டுக்கும் நடுவில் அக்காவின் பட்டாவுக்குள்ளேயே ஒரு வண்டிப்பாதை. கரும்பு வெட்டினால் டிராக்டர் அந்த வழியாகத்தான் வந்து ஏற்ற வேண்டும். வேறு வழி கிடையாது, மற்ற மூன்று பக்கமும் அடுத்தவன் நிலம். முனிரத்தினம் போன கோடையில் ஜே.சி.பி. விட்டு நிலத்தைச் சமப்படுத்தினார். அதற்கப்புறம் பாதையில் டிராக்டர் ஏற மாட்டேன் என்கிறது. “பாத சுருங்கிப்போன மாரி கீதுடா. கல்லு இருந்த எடத்துலதான் கீதுன்றாரு அவரு. எனக்கு சந்தேகமா கீது. உன்கூட கல்லு பாக்கச் சுத்தறாரே, அந்த அண்ணனக் கூட்டிகினு வா. அவரு சொன்னா முனிரத்தினமும் ஒத்துக்கறேன்னு சொல்லிட்டாரு” என்றாள் அக்கா.

முனிரத்தினம் ஏன் ஒத்துக்கொண்டார் என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன். ஊரெல்லாம் மதிக்கிற ஆளை வேண்டாம் என்றால் குட்டு வெளிப்படும் என்ற பயம்தான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு என் வண்டியிலேயே கிளம்பினோம். மடியில் பையை வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்திருந்தார். பையில் டேப், அக்கா நிலத்தின் அளவு போட்ட புலப்பட நகல், குங்குமம். எனக்கு முந்தின நாளிலிருந்தே நாக்கு அரித்துக்கொண்டிருந்தது. அக்கா வீட்டுக்குப் போனால் அவள் சோறு போட்டு உட்கார வைத்துவிடுவாள், சாயந்திரம் வரை வெளியே வர முடியாது. ஆர்.கே.பேட்டைக்கு முன்னால் ரோட்டில் தண்ணீர்ப் பாக்கெட் உறைகள் தெரிய ஆரம்பித்தன. வண்டியை ஓரம் கட்டினேன். கடை திறக்க இன்னும் நேரம் இருந்தது. ஆனால் பின்பக்கம் பாரில் கிடைத்தது.

“மொதல்ல கல்லு தம்பி” என்றார்.

“இன்னிக்கி ஒரு நாள் மாத்திக்கினா உலகம் அழிஞ்சிடுமாண்ணே? அக்கா ஊட்டுக்குப் போனா நான் சிக்கிக்குவேன். உங்களுக்கு இன்னா, ஒண்டிக்கட்ட.”

“நீ குடி. நான் வெளிய நிக்கறேன்.”

நான் விடவில்லை. கூட வந்த ஆள் வெளியே நின்றால் எனக்கு உள்ளே இறங்காது. “இத்தினி வருசம் கூட சுத்தறேன். என் அக்கா வேலைக்கி வந்துகினு எனக்காக ஒரு டம்ளர் புடிக்க மாட்டீங்களா? நான் அவ்ளோ கேவலமா?” என்று கேட்டேன். ஊற்றினேன். கையில் திணித்தேன். அவர் பையைத் தரையில் வைத்தார். அப்புறம் குடித்துவிட்டார். வெறும் வயிறு, மே மாத வெயில். இரண்டாவதையும் நான்தான் ஊற்றினேன்.

நான் பாக்கு மென்று வாயைக் கழுவிக்கொண்டேன். அவருக்கு அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது.

வயலில் அக்காவும் முனிரத்தினமும் இன்னும் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். இவர் வரப்பில் ஒருமுறை கால் இடறினார். புலப்படத்தைத் தலைகீழாகப் பிடித்து, திருப்பி, மறுபடி பார்த்தார். கண்ணைக் கசக்கினார். முனிரத்தினம் ஒரு கல்லைக் காட்டி, “தோ, எங்க நைனா காலத்துலேந்து இங்கதான் கீது” என்றார். இவர் அதன் முன்னால் உட்கார்ந்தார். டேப்பைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. தண்ணீர் கேட்டுக் கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, “இதுதான்” என்றார்.

எனக்கு அப்போதே தெரியும், அளக்கவில்லை என்று. அங்கேயே “அண்ணே, டேப்பு?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். வாயைத் திறந்தால் வாடை வரும். கேட்கவில்லை.

அக்கா என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், “அவரு மேல வாட அடிக்குதேடா” என்றாள்.

“அவரு அப்டித்தான். ஆனா வேலைல கரெக்டா இருப்பாரு” என்றேன், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு.

“அவரே சொல்லிட்டாரு, அப்புறம் இன்னா” என்று அக்கா அடங்கிவிட்டாள். மறுநாளே முனிரத்தினம் கல்லை ஒட்டி வேலி போட்டார். ஆடி முதல் வெள்ளிக்குக் கல்லைச் சுற்றி நாலு கம்பம் நட்டுத் தகரம் போட்டு, சூலம் நட்டு, ஊருக்கே கூழ் வார்த்தார். ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு. அக்காவும் ஒரு சொம்பு கூழ் வாங்கிக் குடித்துவிட்டு வந்தாள், பாவி.

அந்த வாரத்திலேயே ஒரு காலையில் அவர் எடைமேடையைப் பூட்டிவிட்டு என் கடைக்கு வந்தார். வெள்ளைச் சட்டையில் முழங்கை வரைக்கும் சேறு.

“டைரில அந்தக் கல்லுக்கு நேரா ஒண்ணும் எழுதல தம்பி. தூக்கம் வரல. விடியக்காலம் போய் ஒரு லாரி கிளீனர டேப்பு புடிக்கச் சொல்லி அளந்துட்டேன். சுத்தி கீற மூணு கல்லுலேந்து அளந்தேன். எட்டடி மூணு அங்குலம். உங்க அக்கா பக்கம் உள்ள வந்துகீது. கல்ல நவுத்திட்டான் அவன். நான் அது மேல பொட்டு வெச்சிட்டேன்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. “பைத்தியக்காரா! சாமியாக்கிட்டு வந்து இப்ப அளக்கறியா? இப்ப எவன் அத எடுக்கவிடுவான்?” என்று கத்தினேன். மரியாதை எல்லாம் பறந்துவிட்டது. “மனு குடுக்கறேன். உள்ளத உள்ளபடி சொல்லிடறேன்” என்றார்.

கத்திக்கொண்டிருந்தவன் சட்டென்று நின்றேன். உள்ளதை உள்ளபடி என்றால் அந்த பார். அந்த டம்ளர். “அக்காவுக்கு என் விசயம் தெரியாதுண்ணே” என்றேன். இவ்வளவுதான் சொன்னேன். வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

தாலுகா ஆபீஸ் விசாரணைக்கு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். முனிரத்தினம் ஊர்க்காரர்கள் பத்துப் பேரோடு வந்திருந்தார். இவர் தனியாகச் சுவரோரம் நின்றார். மனுவை எழுத்தர் சத்தமாகப் படித்தார். அளவு, எண், அடி, அங்குலம், எல்லாம் அச்சடித்த மாதிரி இருந்தது. கடைசியில் இப்படி: ‘முதல் முறை இக்கல்லைக் காட்டிய அன்று காலை நான் என் வீட்டிலேயே மது அருந்தியிருந்தேன். என்னை அழைத்துச் சென்ற தம்பிக்கு இது தெரியாது.’

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “நீங்கதானே கூட்டிட்டுப் போனது? இவர் குடிச்சிருந்தது உங்களுக்குத் தெரியுமா?”

அக்காவின் பிடி என் முழங்கையில் இறுகியது.

“தெரியாதுங்க” என்றேன்.

“காலங்காத்தால ஊட்லயே ஊத்திக்கிற ஆளுங்க இவுரு!” என்றார் முனிரத்தினம். “ரெண்டாம் வாட்டி எத்தினி குவார்ட்டர அடிச்சிட்டு அளந்தாரோ! இவரு பேச்ச நம்பி அம்மனப் புடுங்கச் சொல்றாங்களே, நல்லா கேளுங்க சார்.” பத்துப் பேரும் சிரித்தார்கள். எழுத்தர்கூடச் சிரித்தார்.

“வீட்டிலேயே காலையில குடிக்கிற ஆளோட அளவ வெச்சு நான் என்ன செய்யறது? அதுவும் சாமி இருக்கிற இடம். ஊர்ல பிரச்சன ஆயிடும். கோர்ட்டுக்குப் போய்ப் பாத்துக்குங்க” என்று அதிகாரி கோப்புக் கட்டை மூடினார்.

நான் எழுந்து நின்றிருக்க வேண்டும். ‘இந்த மனுஷன் கல்லைத் தொடாமல் ஒரு சொட்டுக் குடித்ததில்லை, அன்றைக்கு மட்டும் நான்தான் வற்புறுத்தி ஊற்றினேன், அவர் தெளிந்த புத்தியோடு அளந்த எட்டடி மூணு அங்குலம் சத்தியம்’ என்று சொல்லியிருந்தால் அந்தச் சிரிப்பு நின்றிருக்கும். அளவை மறுபடி எடுக்கவாவது ஒரு சர்வேயரை அனுப்பியிருப்பார்கள். அக்காவின் பாதைக்கு ஒரு வழி பிறந்திருக்கும். நான் எழுந்து நிற்கவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் அவரைப் பிடித்தேன். அக்கா ஜெராக்ஸ் கடைக்குப் போயிருந்தாள்.

“யாரு கேட்டா உங்கள? யாரு கேட்டா? எதுக்கு அப்டி எழுதினீங்க?”

“ஊத்தினது நீ. குடிச்சது நான். டேப்ப எடுக்காதது நான். உன் சத்தியம் என் தப்புல சேராது தம்பி.”

“ஒரு கிலோ கூட்டி எழுதாத ஆளு, பொய் எழுதியிருக்கீங்களே!”

பஸ் வந்தது, ஏறிவிட்டார். நான் அந்தப் பஸ்ஸின் பின்னாலேயே கெட்ட வார்த்தையில் கத்தினேன். யாரைத் திட்டினேன் என்று எனக்குத்தான் தெரியும்.

செய்தி ரோட்டுக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்? மறுநாள் ஒரு செங்கல் லாரிக்காரர் சீட்டைக் கையில் வாங்கி மோந்து பார்த்தார். “காலைல போட்டுகினு எழுதினதா, போடாம எழுதினதாண்ணே?” என்றார். அடுத்த நாள் இன்னொருவர். மூன்றாம் நாள் ஒரு கரும்பு லாரி அவர் சீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டு வேறு மேடைக்குப் போயிற்று. நான் பத்தடி தள்ளி டயரைக் கழற்றிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். நாலாம் நாள் முதலாளியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் புத்தூரில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். போகும்போது என் கடைக்கு வரவில்லை. வந்திருந்தால் நான் அடித்திருப்பேனோ காலில் விழுந்திருப்பேனோ, தெரியாது.

அவர் மேல் எனக்கு இருக்கும் கோபம் ஆறவே ஆறாது. சும்மா இருந்தவனை இப்படிக் கடன்பட்டவனாக்கிவிட்டுப் போக அவருக்கு என்ன உரிமை? அவர் உண்மையை எழுதியிருந்தால் அக்கா என்னை நாலு அறை அறைந்திருப்பாள், ஆறு மாதம் பேசாமல் இருந்திருப்பாள், பாதை மிஞ்சியிருக்கும். இந்தக் கோபத்தில் முக்கால்வாசி என் மேல்தான் என்று தெரியாத அளவுக்கு நான் மடையனும் இல்லை.

போன மாதம் அக்காவுக்குக் கரும்பு வெட்டு. டிராக்டர் ரோட்டிலேயே நின்றது. கட்டுக் கட்டாகத் தலையில் தூக்கி, முனிரத்தினத்தின் வேலியைச் சுற்றி, வாய்க்கால் இறங்கி ஏறிக் கொண்டுபோய்ப் போட வேண்டியிருந்தது. நானும் தூக்கினேன். அக்காவும் தூக்கினாள். மதியத்துக்குள் அவள் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. அடுத்த வருஷம் கரும்பு வைக்கப் போவதில்லை, குத்தகைக்கு விட்டுவிடப் போகிறேன் என்றாள்.

வரப்பில் உட்கார்ந்து எனக்குச் சோறு போட்டாள். தகரக் கொட்டகையிலிருந்து மணிச் சத்தம் வந்தது. அக்கா தட்டைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

“அந்தக் குடிகாரன் கை வெளங்குமாடா? என் வயித்துல அடிச்சிட்டுப் போய்ட்டானே. குடி கெடுத்தா எப்டி கெடுக்கும்னு இப்பத்தான் பாத்தேன். நல்ல வேள, நீ அன்னிக்கி மலமேல கற்பூரத்த அடிச்சே. அடிச்ச சொல்லுக்கு நிக்கறே பாரு. இந்தக் குடும்பத்துல எனக்குன்னு கீறது நீ ஒருத்தன்தான்டா.”

அவள் கை என் முதுகைத் தடவியது. உள்ளங்கையெல்லாம் கரும்புத் தோகை கிழித்த கோடு.

“ஆங்” என்றேன்.

“இன்னும் கொஞ்சம் போட்டுக்கறியா?” என்று கேட்டாள். போட்டுக்கொண்டேன்.